முதுகுக்குப் பின்னால் நின்ற இரைச்சல்

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வரும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. வந்தால் எடுக்க வேண்டும். அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். என்னுடையதைக் கொடுக்கலாம் என்றால் ரத்த வகை சேரவில்லை. அவளுடைய அண்ணனுக்குச் சர்க்கரை. இறந்தவரிடமிருந்து எடுக்கும் கிட்னிக்குப் பதிந்து வைத்தோம். ஆஸ்பத்திரியில் அதைக் கவனிக்கும் அம்மா பதிந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“கிட்னி வந்தா வச்சுக்கிட்டுக் காத்திருக்க முடியாதுங்க. உங்க முறை வந்தா ரெண்டு நம்பருக்கும் அடிப்போம். அவங்களுக்கும் உங்களுக்கும். கெடைக்கலன்னா கொஞ்ச நேரம் பாப்போம். அப்புறம் அடுத்தவங்களக் கூப்பிட்டுருவோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. சரி என்றேன்.

அன்றிலிருந்து அவள் போனை ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். குளிக்கப் போனால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே எடுத்துப் போவாள். நான் சட்டைப் பையில் வைத்திருப்பேன். அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது ஒரு வியாதி. உட்கார விடாது. சோற்றில் கை வைத்தபடி பார்ப்பேன். சிக்னலில் வண்டி நின்றால் பார்ப்பேன். கோயிலில் கும்பிட்ட கையைப் பிரித்துப் பார்ப்பேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். தொழில் டவர் ஏறுவது. உச்சியில் ஆன்டெனா மாட்டுவது, திருப்புவது, கழற்றுவது. முட்டி தேய்ந்த பிறகு கம்பெனி என்னைக் கீழே இறக்கி ஒரு வேனில் போட்டது. டவருக்குத் தொந்தரவு கொடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடும் வேன் அது.

வேனின் தலையில் நான்கு கம்பிகள் நிற்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயர் உள்ளே இருக்கும் பெட்டிக்குப் போகும். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரிகிறது அல்லவா. ஒரு காதுக்கு முந்தி வருகிறது, இன்னொரு காதுக்குப் பிந்தி வருகிறது. வேனுக்கு நான்கு காது. அலை எதை முதலில் தொட்டது, எதைக் கடைசியில் தொட்டது என்று பெட்டி கணக்குப் போடும். திரையில் ஓர் அம்பைக் காட்டும். அம்பு காட்டுகிற பக்கம் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வேனில் என்னோடு இரண்டு பேர். ஒருவர் இன்ஜினியர் மேடம். திருச்சிக்காரர், முப்பது வயது இருக்கும். பெட்டியும் திரையும் அவர் பாடு. இன்னொருவன் டிரைவர். நாகமலைக்கு மேற்கே விவசாயக் குடும்பத்துப் பையன், கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருக்கிறது. வாய் ஓயாது. நான் அவனை மாப்ள என்பேன். அவன் என்னை அண்ணே என்பான். என் மனைவிக்கு டயாலிசிஸ் என்று இருவருக்கும் தெரியும். போனுக்குக் காத்திருப்பது தெரியாது. சொல்லவில்லை. வேலை செய்கிற இடத்தில் வீட்டைப் பேசுவது எனக்குப் பழக்கம் இல்லை.

ஆயுத பூசை முடிந்த கையோடு செல்லூர் டவரில் இரைச்சல் ஏறியது. என் வீடு செல்லூரில்தான்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். “எனக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறேன்னு சம்பந்தி கோவிச்சுக்கிட்டாருண்ணே. போன் அடிச்சாத்தானே எடுக்க.” கோரிப்பாளையத்தில் நின்று என் மனைவி நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வீட்டுக்கு ஓடினேன். அவள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போன் கழுத்தில் தொங்கியது.

“எங்கிட்டுப் போயிருந்த?”

“எங்கிட்டும் போகல. ஏன்?”

“போன் அடிக்கலயா?”

“இல்லயே. புல் டவர் காட்டுதே, பாருங்க.”

காட்டியது. அதுதான் சங்கடம். டவர் பேசுவது போனுக்குக் கேட்கும். அதனால் கோடு முழுசாக நிற்கும். போன் பேசுவது டவருக்குக் கேட்காது. கல்யாண வீட்டில் மேளக்காரர் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம் நாம் தூரத்திலிருந்து ஏதாவது சொன்னால் அவர் காதில் விழுமா? டவரின் காதருகே யாரோ மேளம் அடிக்கிறார்கள். வேறு கம்பெனி சிம் வாங்கிப் போட்டோம். அதற்கும் அதே கதை. லேண்ட்லைன் கேட்டோம். எங்கள் சந்துக்குக் கேபிள் வரவில்லை என்றார்கள்.

பழங்காநத்தத்தில் அவளுடைய தங்கை வீடு இருக்கிறது. அங்கே போய் இரு என்றேன்.

“டயாலிசிஸ் முடிஞ்சு வந்தா ஏம் கட்டில்ல விழுந்தாத்தான் எனக்குத் தூக்கம். அங்க மாடிப்படி வேற. ஒங்க வேலையே அதுதான? போயி அந்தச் சனியனப் புடிங்க.”

“உன் போனையாவது அவகிட்ட குடுத்து வைப்போம்.”

“அப்ப நான் எதுக்கு இங்க ஒக்காந்திருக்கேன்?” என்றாள். ஆஸ்பத்திரியில் என் நம்பரும் இருக்கிறது, நான் பகல் முழுதும் வெளியேதானே சுற்றுகிறேன் என்று விட்டுவிட்டேன்.

கம்பெனியிலும் அந்த வேலையே வந்தது. வேனைக் கிளப்பினோம்.

முதல் நாள் வைகைக் கரைச் சாலையில் கிழக்கே போனோம். இடது பக்கம் செல்லூர் சந்துகள், வலது பக்கம் ஆறு. அம்பு வலது பக்கம் காட்டியது.

“ஆத்துக்கு அங்கிட்டுங்குது மேடம்,” என்றான் டிரைவர்.

“போங்க,” என்றார் மேடம்.

பாலத்தில் ஏறினோம். பாலத்தில் அம்பை நம்பக் கூடாது என்பார் மேடம். இரும்பும் பஸ்ஸும் சேர்ந்து அதைக் கிறுகிறுக்க வைக்கும். அக்கரையில் இறங்கி மேற்கே திரும்பினோம். இப்போது அம்பு இடது என்றது. இன்னும் தெற்கு. தெற்கே போகும் ஒரு தெருவில் திருப்பினோம். அம்பு சுற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றது.

“என்ன மேடம், வந்த பக்கமே காட்டுது?”

“திருப்புங்க அண்ணா.”

திருப்பினான். அம்பு முன்னால் வந்தது. கொஞ்சம் வலது என்றது. வலது பக்கம் ஒடித்தால் இன்னும் வலது என்றது. அதையும் கேட்டு ஒடித்தால் மெல்ல நழுவி மறுபடி முதுகுப் பக்கம் போனது. அந்த வாரம் முழுதும் இதுதான். சிம்மக்கல், ஆரப்பாளையம், பெரியார் நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம், ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு வட்டம். எங்கே திரும்பினாலும் அது எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. பேய்க்குப் பயந்தவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பது மாதிரி வேன் ஊரைச் சுற்றியது.

“யண்ணே, கரகாட்டக்காரிகூட இம்புட்டுச் சுத்த மாட்டா,” என்றான் டிரைவர். நான் சிரிக்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். ஆற்றுக்குத் தெற்கே என் போன் நன்றாக வேலை செய்தது. அந்த ஒரு நிம்மதியில்தான் வேனுக்குள் உட்கார முடிந்தது. ஆஸ்பத்திரி அடித்தால் எனக்காவது அடிக்கும்.

மேடத்துக்கும் சோறு தண்ணி இறங்கவில்லை. மலைதான் காரணம் என்று நினைத்தார். அலை பாறையில் பட்டுத் திரும்பினால் அம்பு ஏமாறும். சுவரில் பட்டு வருகிற குரலை ஆள் என்று நினைத்துக்கொள்வது போல. பசுமலைப் பாறையில் பட்டு வருகிறதோ என்று பழங்காநத்தம் வரை போய்ப் பார்த்தோம். அங்கே இரைச்சல் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெலிந்துவிட்டது. போகப் போகக் கிட்டே வர வேண்டியது, போகப் போக எட்டிப் போனது.

அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மேடம் டீயைக் குடிக்கவில்லை. கிளாசை மேசையில் வைத்து இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். கிளாஸ்தான் வேன். கிழக்கே நகர்த்துவார், வலப்பக்கம் பார்ப்பார். மேற்கே நகர்த்துவார், இடப்பக்கம் பார்ப்பார். தெற்கே நகர்த்தி நிறுத்தினார். கடைக்காரர் டிரைவரிடம், “அந்தப் புள்ளைக்கு டீ பிடிக்கலயாப்பா?” என்று கேட்டார்.

“அண்ணா,” என்றார் மேடம் என்னிடம். “கிழக்க போனாலும் தெற்குங்குது. மேற்க போனாலும் தெற்குங்குது. தெற்க போனா வடக்குங்குது. முன்னாடி பின்னாடி உண்மை சொல்லுது. பக்கம் மட்டும்தான் பொய் சொல்லுது.”

எனக்குப் பாதி புரிந்தது. அவர் எழுந்து ரோட்டுக்குப் போனார். எதிரே ஒரு டவர் நின்றது. வேனை அந்த டவர் வலப்பக்கம் வருகிற மாதிரி நிறுத்தச் சொன்னார். அந்த டவரின் சிக்னலைப் பெட்டியில் பிடித்தார். கண்ணுக்கு எதிரே வலது பக்கம் டவர். அம்பு இடது என்றது.

மூவரும் வேனின் தலையைப் பார்த்தோம். நான்கு கம்பிகளின் அடியிலும் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் குங்குமம்.

“இத யாரு கழட்டுனா?” என்றார் மேடம்.

டிரைவர் தலையைச் சொறிந்தான். “பூசைக்குத்தான் மேடம். வண்டியக் கழுவுனேன்ல. மேல நாலும் அழுக்கேறிக் கெடந்துச்சு. அடியில அந்தத் திருகு பித்தளை மாதிரி இருந்துச்சா… கழட்டிப் புளி போட்டு வெளக்குனேன். குத்துவெளக்கு கணக்கா ஆயிருச்சு. பொட்டு வச்சுத் திரும்ப மாட்டிட்டேன். டைட்டாத்தான் மேடம் மாட்டுனேன்.”

“ஒயர்ல கலர் டேப் இருந்துச்சே?”

“அது… தண்ணியில ஊறி வந்துருச்சு. எல்லா ஒயரும் ஒண்ணுபோலத்தான் இருக்குன்னு…”

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். சிரித்தபடியே திரும்பிப் பார்த்தவர் என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

நான் வேன் மேல் ஏறினேன். இடது ஒயரை வலதுக்கும் வலது ஒயரை இடதுக்கும் மாற்றினேன். திருகு கையில் நழுவியது. மழை ஈரம் என்று வைத்துக்கொள்ளலாம். அம்பு டவரைக் காட்டியது.

“அண்ணே, ரெண்டு அறைகூட விட்டுருங்க. இப்பிடிப் பேசாம இருக்காதீக,” என்றான் டிரைவர் கீழே நின்று.

“வண்டிய எடு மாப்ள,” என்றேன்.

அன்று இருட்டுவதற்குள் மழை பலத்துவிட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். “புளி போட்டா வெளக்குனான்?” என்று கேட்டு அவள் வெகுநேரம் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. நாளைக்குப் பிடித்துவிடுவோம் என்றேன்.

மறுநாள் காலையிலேயே செல்லூருக்குள் நுழைந்தோம். கரைச் சாலையில் கிழக்கே போனோம். அம்பு இடது பக்கம், சந்துகளைக் காட்டியது. ஒரு வாரமாக எங்களை ஊர் சுற்றவிட்ட பொருள் என் வீட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

நுழைந்ததுமே என் போனை எடுத்துப் பார்த்தேன். கோடு முழுசாக நின்றது. இங்கே அதற்கு அர்த்தம் இல்லை என்று தெரியும். மேடத்திடம் கேட்டேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று. “கிட்ட வந்துட்டோம் அண்ணா. சீக்கிரம் முடிஞ்சிரும்,” என்றார். சரி, முடித்துவிடுவோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

சந்துக்குள் வேன் போகாது. நான் இறங்கி மீன்முள்ளைத் தூக்கிக்கொண்டேன். அது கையில் பிடிக்கிற ஆன்டெனா. நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் முள் முள்ளாகக் கம்பிகள். அதை மெல்லச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் இரைச்சல் அதிகமோ அங்கே மேடம் நில்லுங்க என்பார். அவர் கழுத்தில் ஒரு சின்னத் திரை. அதில் இரைச்சல் புல் முளைத்த மாதிரி தெரியும். கிட்டே போகப் போகப் புல் உயரும்.

இரண்டு பக்கமும் தறிச் சத்தம். தீபாவளி நெருக்கம், ஒரு தறியும் ஓய்வில் இல்லை. மேடம் சொல்வது காதில் விழவில்லை. முதுகில் தட்டினால் நிற்பது என்று வைத்துக்கொண்டோம்.

“என்னண்ணே, டிவி தெரியலயா?” என்றது ஒரு குரல்.

“கேபிள்காரவுகளா? எங்க வீட்டுக்கு எப்பக் கனெக்சன் குடுப்பீக?” என்றது ஒரு வாசல்.

“மீன் பிடிக்கப் போறாகடி. கம்மாயில தண்ணி வந்துருச்சுல்ல,” என்றாள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி. குடங்கள் எல்லாம் சிரித்தன.

ஒரு திருப்பத்தில் என் சந்து வந்தது. என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். மீன்முள்ளோடு என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள். கிட்ட வந்துருச்சு என்று கையால் காட்டினேன்.

“சாப்பிட வருவீகளா?”

“வாரேன்.”

அவள் கழுத்தில் போன் தொங்கியது. கோடு முழுசாக இருந்திருக்கும். பின்னால் யோசித்துப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் அந்த அம்மா எங்கள் இரண்டு நம்பரையும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்த நேரம் அதுதான். இரண்டு போனும் கூப்பிடுகிற தூரத்தில் எதிரெதிரே நின்றன. இரண்டும் அடிக்கவில்லை.

அடுத்த சந்தில் மேடம் என் முதுகில் தட்டினார். ஒரு தறி ஷெட். தகரக் கூரை, பக்கத்தில் மாடி வீடு. மாடி விளிம்பில் வெள்ளையாக ஒரு சின்ன ஆன்டெனா. மேடத்தின் திரையில் புல் திரையை முட்டி நின்றது.

உள்ளிருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மீசையிலும் புருவத்திலும் பஞ்சு.

“யாரு? கரண்டு ஆபீசா?”

“இல்லண்ணே. போன் கம்பெனி.”

“அட, ஒங்களத்தாய்யா தேடிக்கிட்டிருக்கேன். தெருவுல ஒருத்தனுக்கும் போன் ஒழுங்கா இல்ல. இந்த டப்பா வாங்கி மாட்டுனதால ஏதோ என் ஷெட்டுக்குள்ள மட்டும் கொஞ்சம் எடுக்குது.”

டப்பாவைக் காட்டினார். பூஸ்டர். சிக்னல் எடுக்காத இடத்தில் சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி. அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது, ஆனால் கடையில் கிடைக்கிறது. விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து மாட்டினாராம். அதன் நெற்றியிலும் சந்தனம் இருந்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

மேலே ஓர் ஆன்டெனா, கீழே ஓர் ஆன்டெனா. நடுவில் வெறும் தகரம். ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குள் புகுந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கத்துகிற மாதிரி. அந்த ஊளைதான் டவரின் காதை அடைத்தது. ஒரு வாரமாகத் தேடி அலைந்ததையும் சேர்த்து மேடம் பொறுமையாகச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார்.

“அப்ப தெருவுக்கே போன் கெட்டது என்னாலதானா? கேவலமால்ல இருக்கு. சரி, சாயங்காலம் தறி நிப்பாட்டுனதும் கழட்டிருவேன். தீவாளி ஆர்டரு. நூல்காரரு எப்ப வேணாலும் கூப்பிடுவாரு.”

“இப்பவே நிறுத்துங்கண்ணே,” என்றேன்.

“அதான் சாயங்காலம்ங்கிறேன்ல. இம்புட்டு நாள் பொறுத்தீக, இன்னைக்கு ஒரு பொழுது பொறுக்க மாட்டீகளா?”

“நிறுத்துங்க.”

அவருக்குச் சுருக்கென்று வந்தது. “என்னய்யா, மெரட்டுறியா?”

வேறு வழி இல்லை. சொன்னேன். பக்கத்துச் சந்துதான் வீடு. மனைவிக்குக் கிட்னி. ஆஸ்பத்திரியில் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அவ்வளவுதான் சொன்னேன். தறிச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்படிக் கத்திச் சொல்கிற விஷயமா அது.

அவர் நேரே போய் பிளக்கைப் பிடுங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறி, வெள்ளை ஆன்டெனாவையும் கழற்றிக் கொண்டுவந்தார்.

“இதுக்கா ஒரு வாரம் வண்டி கட்டிச் சுத்துனீக? நேரா வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே புடுங்கிக் கையில குடுத்திருப்பேனே.”

“எங்க இருக்குன்னு தெரியலயேங்க,” என்றார் மேடம்.

திரையில் புல் படுத்துவிட்டது. டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு இப்போதுதான் விஷயம் தெரியும். முகம் செத்துக் கிடந்தது.

“அண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா அந்தக் கம்பியத் தொட்டிருக்கவே…”

அப்போது என் பையில் போன் துடித்தது. ஒரு மெசேஜ். இன்னொன்று. இன்னொன்று. போன் கிடைக்காதபோது யார் யார் அடித்தார்கள் என்று கம்பெனி அனுப்புகிற மெசேஜ்கள். காலையிலிருந்து அடித்தது எல்லாம் ஒரே நம்பர். அந்த நம்பரை எனக்குப் பாராமலே தெரியும்.

“ஆஸ்பத்திரியாண்ணே?” என்றான் டிரைவர்.

“இல்ல மாப்ள. கம்பெனி மெசேஜு.”

“அப்பாடி,” என்று மூச்சு விட்டான். தறிக்காரர் டீ சொல்லி அனுப்பினார். நான் மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த நம்பருக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“சார், காலையில இருந்து ரெண்டு நம்பருக்கும் விடாம அடிச்சோம். தொடர்பு எல்லைக்கு வெளியன்னே வந்துச்சு. முடிஞ்ச மட்டும் பாத்தோம் சார். அடுத்தவங்க வந்து சேந்துட்டாங்க. இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க.”

“சரிங்க.”

“உங்க இடம் மாறாது சார். திரும்ப வரும். வேற யாராவது நம்பர் இருந்தா குடுங்க, எழுதிக்கிறேன்.”

அவளுடைய தங்கையின் பழங்காநத்தம் நம்பரைச் சொன்னேன். இது முன்பே எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா திருப்பிச் சொன்னார். சரி என்றேன்.

மாடியில் கொஞ்ச நேரம் நின்றேன். நின்றேன் என்பது பொய். அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடந்தேன். மனது ஒரு கணக்கைப் போட்டது, வேண்டாம் என்றாலும் போட்டது. ஒயர் மாறியே இருந்திருந்தால் இன்று காலை நான் ஆற்றுக்குத் தெற்கேதான் சுற்றியிருப்பேன். அங்கே என் போன் அடிக்கும். எடுத்திருப்பேன். வழி தவறி அலைந்த வரைக்கும் நான் கூப்பிடுகிற இடத்தில் இருந்தேன். வழி தெரிந்து வந்து சேர்ந்தேன், காது கேட்காத இடத்துக்குள் வந்துவிட்டேன். இதில் யாரைத் திட்டுவது. டிரைவரையா, மேடத்தையா, பஞ்சு மீசைக்காரரையா. எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் ஓர் இடத்தில் நின்றிருப்பேன்.

கீழே வந்து டீயைக் குடித்தேன். மீன்முள்ளை வேனில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவள் தட்டு வைத்திருந்தாள். சோறு போட்டாள். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

“வந்து போயிருச்சாம்ல,” என்றாள்.

“உனக்கு யாரு சொன்னா?”

“எனக்கும் மெசேஜு வந்துச்சு. நானும் பேசிட்டேன்.”

ரசத்தை ஊற்றினாள். கை நிதானமாக இருந்தது.

“யாருக்குப் போச்சுன்னு கேட்டேன். சொல்லக் கூடாதாம். ஆம்பளையா பொம்பளையான்னாவது சொல்லுங்கம்மான்னேன். அதுவும் சொல்லல.”

“தெரிஞ்சு என்ன செய்யப் போற?”

“என்ன செய்யப் போறேன். சும்மாதான்.”

மாடியில் போட்ட கணக்கை அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. ஒயர் மாறியே இருந்திருந்தால் எனக்குப் போன் வந்திருக்கும் என்றேன்.

“அப்ப இந்தத் தெருவுக்கு இன்னைக்கும் போன் வந்திருக்காது. நாளைக்கும் வந்திருக்காது,” என்றாள். “அந்தப் பையன ஏதும் வஞ்சீகளா?”

“இல்ல.”

“வையாதீக. பச்சப் புள்ளக்காரன்.”

சோறு இறங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன். அடுப்படிக்கு வந்தேன். மறுபடி வாசலுக்குப் போனேன். “ஒக்காந்துதான் சாப்பிடுங்களேன்,” என்றாள்.

அப்போது அவள் கழுத்தில் போன் அடித்தது. பையின் முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. நான் தாவி வந்து பையைக் கிழித்தேன். அவள் எடுத்துக் காதில் வைத்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“யாரு?”

“லோன் வேணுமான்னு கேக்குது. பதிஞ்ச கொரலு.”

“கட் பண்ணு.”

அவள் கட் பண்ணவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இருங்க,” என்றாள். “நல்லாக் கேக்குது.”